ஸ்கேன் செய்த அறிவிப்பை எழுத்தாகக் கேட்டு வாங்கிய கதை

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வழியாகத்தான் படிக்கிறேன், திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. போன வருடம் ஒரு நலத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதன் வழிகாட்டு நெறிமுறைகளைப் பதிவிறக்கினேன், பதினான்கு பக்க பிடிஎஃப். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் "பிளாங்க்" என்று மட்டும் சொல்கிறது. கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும் என்று அச்செடுத்து, அதை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். அப்போது பக்கம் வெறும் படமாகிவிடும், திரைவாசிப்பானுக்குப் படிக்க எழுத்தே இருக்காது.

அலைபேசிச் செயலியில் போட்டு எழுத்தாக மாற்றிப் பார்த்தேன். பத்திகள் ஓரளவு வந்தன, ஆனால் எனக்கு முக்கியமாகத் தேவைப்பட்ட அட்டவணை சிதறிப்போய், எது வருமான வரம்பு எது மானியத் தொகை என்றே பிரிக்க முடியவில்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "வீட்ல யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லுங்க சார்" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, குரலில் அக்கறைதான் இருந்தது. ஆனால் என் வருமானத்தையும் என் விண்ணப்பத்தையும் பற்றிய விஷயத்தை நான் தனியாகப் படித்து, தனியாக முடிவெடுக்க வேண்டும் என்று நினைப்பது பெரிய ஆசையா என்ன?

சரி என்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வாரத்தில் வேர்ட் கோப்பே வந்தது, அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். திறந்தால் பாமினி எழுத்துரு. கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிகிற இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக் கேட்டால் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வருகிறது, ஏனென்றால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கிறது. தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு தரநிலையாக அறிவித்தது 2010-லேயே.

அப்புறம்தான் சட்டத்தை எடுத்து உட்கார்ந்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 12: அரசின் பொது ஆவணங்கள் எல்லாம் அணுகத்தக்க வடிவில், அதாவது மாற்றுத்திறனாளிகளும் படித்துப் பயன்படுத்தக்கூடிய வடிவில் இருப்பதை உறுதிசெய்ய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். பிரிவு 42 மின்னணு உள்ளடக்கத்துக்கும் இதையே சொல்கிறது. 2017 விதிகளில் 15-வது விதி இன்னும் வெளிப்படை: இணையதளத்தில் போடும் ஆவணம் இபப் என்ற மின்னூல் வடிவிலோ, எழுத்துணரி செய்த (படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றிய) பிடிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும். விதிகள் வந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம், அது 2019 ஜூனிலேயே முடிந்துவிட்டது. ஒன்றை மறைக்கக் கூடாது: 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் விதி 15(1)-ஐ ரத்து செய்தது. அது வெறும் பரிந்துரை போல இருக்கிறது, கட்டாய விதி கொண்டுவாருங்கள் என்பதுதான் காரணம். அதுவரை இருக்கிற தரநிலைகளை நோக்கிய வேலை நிற்கக் கூடாது என்றும் தீர்ப்பில் இருக்கிறது. அதனால் "விதியே போயிடுச்சே" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

நான் போட்டது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பிரிவு 7(4)-ஐக் குறிப்பிட்டேன். பார்வை, செவித்திறன் போன்ற குறைபாடு உள்ளவருக்குத் தகவல் கிடைக்கத் தகவல் அலுவலர் உதவியே ஆக வேண்டும் என்கிறது அது. பிரிவு 7(9)-இன்படி, கேட்ட வடிவில் தருவதுதான் வழக்கமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். "அணுகத்தக்க வடிவில் தரவும்" என்று மட்டும் எழுதினால் அலுவலகத்தில் பலருக்குப் புரியாது. நான் எழுதியது இது: "ஒருங்குறியில் உள்ள வேர்ட் கோப்பு. அட்டவணை படமாக இல்லாமல் அட்டவணையாகவே இருக்க வேண்டும். ஸ்கேன் செய்வதற்கு முன் தட்டச்சு செய்த மூலக்கோப்பு இருந்தால் அதை ஒருங்குறிக்கு மாற்றித் தந்தால் போதும்." கடைசி வரிதான் வேலை செய்தது என்று நம்புகிறேன். ஸ்கேன் ஆவதற்கு முன்னால் யாரோ ஒருவர் அதைத் தட்டச்சு செய்துதானே இருப்பார்!

இருபத்து மூன்றாம் நாள் கோப்பு வந்தது. அட்டவணைக்குள் நகர்ந்தேன், "வருமான வரம்பு" என்று தலைப்பு சொல்லி, அதற்கு நேரே தொகையையும் சொன்னது. அந்த ஒரு வரியை நாலைந்து தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன்.

விண்ணப்பப் படிவம் மட்டும் இன்னும் ஸ்கேன்தான். அதற்காக மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் போன வாரம் பதிவஞ்சலில் மனு அனுப்பியிருக்கிறேன். அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.