தீயில் குளிரும் பெட்டியோடு குமரி மாவட்டத்தில்

எங்கள் கேரவன் ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்த நாகர்கோவில் மெக்கானிக் முதலில் தேடியது கம்ப்ரஸரை. "கேஸ் இறங்கியிருக்கும் மேடம், ஃபில் பண்ணிரலாம்" என்றபடி வண்டியின் வெளிப்பக்கம் இருந்த கிரில்லைக் கழற்றினார். உள்ளே மோட்டார் இல்லை. வளைந்து வளைந்து போகும் கறுப்புக் குழாய்கள், ஒரு சின்ன பர்னர், மேலே ஒரு புகைக்குழாய், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நான் தொட்டுப் பார்க்காத ஐட்டம், கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிப் பணமும் வாங்காமல் போனார். அந்த நேர்மைக்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். வேறு யாராவது குழாயை வெட்டி "கேஸ்" ஏற்ற முயன்றிருந்தால் அந்த யூனிட் அன்றோடு முடிந்திருக்கும்.

இது அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ். சத்தமே போடாத ஹோட்டல் மினிபார் பெட்டிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். 1922இல் ஸ்வீடனில் பால்ட்சார் ஃபோன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் இதை உருவாக்கினார்கள். மூடி முத்திரையிட்ட குழாய்களுக்குள் தண்ணீர், அமோனியா, ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும். கீழே சூடு கொடுத்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் அமோனியா ஆவியாகி மேலே ஏறும். உச்சியில் இருக்கும் தகட்டு அடுக்கில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகும். அங்கிருந்து வழிந்து ஃப்ரிட்ஜின் உள்பக்கக் குழாய்க்கு வந்ததும், அங்கே நிறைந்திருக்கும் ஹைட்ரஜனால் மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே மறுபடி ஆவியாகும். அப்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு அடியில் இருக்கும் கொதிகலனுக்கே திரும்பக் கொண்டுபோகும். திரவங்கள் இறங்குவது முழுக்கத் தம் எடையால்தான். சூடு எங்கிருந்து வந்தாலும் அதற்குக் கவலையில்லை. எங்களுடையது கேஸ் அடுப்பு போலச் சிலிண்டரிலும் ஓடும், 230 வோல்ட் கரண்டிலும் ஓடும், வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டிலும் ஓடும்.

இந்தப் பெட்டியை நான் இவ்வளவு பொருட்படுத்தக் காரணம் அப்பா. அவருடைய இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தும் போகக் கூடாது. அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு ஊர் சுற்ற எனக்கு மனமில்லை. கேரவன் யோசனையே அவருக்காக வந்ததுதான். தண்ணீர் நிறைத்த டம்ளரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்துப் பார்த்தால் 14 டிகிரி காட்டியது. (காற்றில் தொங்கும் தெர்மாமீட்டர் கதவைத் திறந்ததும் ஏறிவிடும். டம்ளர் தண்ணீர்தான் உண்மையைச் சொல்லும்.) வடசேரியில் ஒரு மருந்துக் கடைக்காரர், "அதுக்கென்ன, நம்ம ஃப்ரிட்ஜுல இருக்கட்டும்" என்று பயன்படுத்தாத குப்பிகளை வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் நிதானமாக வேலையில் இறங்க முடிந்தது.

ஆரல்வாய்மொழியிலேயே அறிகுறி தெரிந்தது. ஆடி மாதம், மேற்கிலிருந்து கணவாய் வழியாகப் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தல் சுற்றுவட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. அங்கே ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கம் மேற்கைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினால் கீழ் கிரில் வழியாகக் காற்று நுழைந்து பர்னரை அணைத்துவிடுகிறது. தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உண்டு, அதனால் ஆபத்தில்லை. ஆனால் சூடு கிடைக்காமல் பெட்டி குளிராது. வண்டியைத் திருப்பி, ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கம் கிழக்கைப் பார்க்கும்படி நிறுத்தினோம். தீ நின்று எரிந்தது. சாயங்கால வெயிலும் அந்தச் சுவரில் படாது என்பது கூடுதல் லாபம். முட்டம் கடற்கரையிலும் இதே ஒழுங்கைத்தான் பின்பற்றினோம்.

நாகர்கோவிலில் ஒரு லாட்ஜ் வளாகத்தில் கரண்டில் போட்டுப் பார்த்தபோது வேறொரு விஷயம் புரிந்தது. இரவில் வோல்டேஜ் 180க்கு இறங்கியிருந்தது. ஹீட்டர் கம்பியின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 230இல் கிடைப்பதில் 61 சதவீதம்தான் அப்போது கிடைக்கும். சாதாரண ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைக்கிற நாம் இதற்கும் வைக்கத்தான் வேண்டும், அல்லது கேஸுக்கு மாற்றிவிட வேண்டும். நான் கேஸையே நம்புகிறேன்.

முட்டத்தில் பர்னரைச் சுத்தம் செய்தோம். உப்புக் காற்றில் புகைக்குழாயின் உள்பக்கம் துருப்பிடித்து, வண்டி குலுங்கும்போது செதில் செதிலாக பர்னர் மேலேயே கொட்டியிருந்தது. போதாததற்கு பர்னர் குழாயின் வாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தாவியதற்கு இரண்டுமே காரணம். மஞ்சள் தீ கரி படிய வைக்கும், கார்பன் மோனாக்சைடும் வரும். மனிதர்கள் தூங்குகிற வண்டியில் அதை ஒரு இரவுகூட விட்டுவைக்கக் கூடாது.

சிலிண்டரை மூடி, ஆறவிட்டு, பர்னரைக் கழற்றினோம். புகைக்குழாய்க்குள் கம்பியில் தொங்கும் முறுக்குத் தகட்டை வெளியே எடுத்து, குழாயை நீளமான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தேய்த்தோம். அந்தத் தகடு சும்மா இல்லை, சூட்டைக் கொதிகலன் சுவரில் தங்க வைப்பது அதுதான். பழைய உயரத்திலேயே திரும்பத் தொங்கவிட வேண்டும். கேஸ் வரும் ஜெட்டின் துளை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக இருக்கும். ஊசியோ கம்பியோ விட்டால் துளை பெரிதாகிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காற்றடித்து உலர்த்தினாலே போதும். மாட்டிய பிறகு இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வரவில்லை என்று உறுதி செய்தபிறகே பற்ற வைத்தோம். தீ சுத்த நீலம். அடுத்த நாள் காலையில் 11 டிகிரி. முன்னேற்றம்தான், ஆனால் இன்சுலினுக்குப் போதாது.

குலசேகரத்தைத் தாண்டி பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டத்து ஓரமாக நிறுத்தியிருந்தபோது, பால்வெட்டு முடித்து வந்த ஒரு பெரியவர் கிரில்லுக்குள் எட்டிப் பார்த்தார். "மக்களே, இது தீயில ஓடுற பெட்டியாக்கும்" என்றார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இளவயதில் ஒரு எஸ்டேட் பங்களாவில் வேலை பார்த்தாராம், அங்கே மண்ணெண்ணெய் விளக்கில் ஓடும் ஃப்ரிட்ஜ் இருந்ததாம். கரண்ட் எட்டாத ஊர்களில் தடுப்பூசி மருந்துகளைக் காத்தவையும் அந்த வகைப் பெட்டிகள்தான் என்று நான் படித்திருந்தேன். அதைத் துடைத்து, திரி வெட்டி வளர்த்த ஒருவரைப் பார்த்தது அன்றுதான்.

"ஐயா, அது சரியாகக் குளிருமா?" என்று கேட்டேன்.

"மட்டமா இருந்தா குளிரும். சரிஞ்சா குளிராது. தொரை ரசமட்டம் வச்சுப் பாப்பாரு."

ரசமட்டத்தை ஃப்ரீசர் தரையில் வைத்துப் பார்த்தோம். வண்டி நின்ற சரிவில் குமிழி ஓரத்துக்கே ஓடியது. பக்கவாட்டில் 3 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் இந்தப் பெட்டிகளில் பலவும் திணறும். திரவம் வழிந்து திரும்பாமல் குழாயில் தேங்கிவிடும். ஓடும்போது குலுக்கல் இருப்பதால் பாதகமில்லை, நிறுத்திவைக்கும்போதுதான் கவனம் வேண்டும். சாய்வாகவே நாள் கணக்கில் எரியவிட்டால் துருத் தடுப்பானாகச் சேர்த்திருக்கும் சோடியம் குரோமேட் கொதிகலனில் கெட்டிப்பட்டு அடைத்துவிடும், பிறகு மீட்பது கடினம். பெரியவர் பக்கத்து மரக்கடையிலிருந்து இரண்டு ரப்பர் மரப் பலகைகளை வாங்கித் தந்தார். சக்கரத்துக்கு அடியில் கொடுத்து மட்டப்படுத்தினோம். அந்தப் பலகைகள் இப்போதும் வண்டியிலேயே இருக்கின்றன.

மலையடிவாரக் குளிர்ச்சியில், மட்டமான தரையில், 8 டிகிரி வந்தது. ஆனால் மறுபடி கீழே இறங்கி தக்கலை வந்ததும் 11. சூடான ஊரில் மட்டும் ஏறுகிறது என்றால் வெப்பம் வெளியேறவில்லை என்று அர்த்தம்.

அதற்கான விடை பத்மநாபபுரம் அரண்மனையில் கிடைத்தது என்றே சொல்வேன். வெளியே புழுக்கம், உள்ளே சாய்மரச் சட்டங்கள் வழியாகக் காற்று வந்து கூரைப் பக்கமாக ஏறிப் போகிறது. அப்பா ஒரு தூணில் சாய்ந்து, "இங்கேயே இருந்துடலாம் போல" என்றார். எனக்கு எங்கள் ஃப்ரிட்ஜின் முதுகு ஞாபகம் வந்தது. கீழே காற்று நுழைய ஒரு கிரில், மேலே சூடு போக ஒரு கிரில். ஆனால் வண்டியைக் கட்டிக் கொடுத்த பட்டறை மேல் கிரில்லைத் தகட்டு அடுக்குக்குக் கீழேயே வெட்டியிருந்தது. சூடான காற்று மேலே ஏறி, வெளியேற வழியில்லாமல் தகடுகளைச் சுற்றியே நின்றுவிடும். தவிர, குழாய்களுக்கும் வண்டிச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வருகிற காற்று தகடுகளைத் தொடாமலே அந்தப் பக்கமாகப் போய்விடும்.

மார்த்தாண்டத்தில் ஒரு தகரப் பட்டறையில் அலுமினியத் தகட்டை வளைத்து வாங்கினோம். ஒரு துண்டு சுவர்ப்பக்க இடைவெளியை அடைத்து, காற்றைக் குழாய்களை உரசி ஏற வைக்கிறது. இன்னொன்று உச்சியில் சாய்வாக நின்று சூட்டைக் கிரில்லை நோக்கித் தள்ளுகிறது. மேல் கிரில்லைக் கழற்றி, துளையை உயர்த்தி வெட்டி மறுபடி மாட்டினார்கள். கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட் ஃபேன் இரண்டைத் தகட்டு அடுக்குக்குக் கீழே, மேல்நோக்கி ஊதும்படி பொருத்தினோம். பர்னர் பக்கத்தில் ஃபேன் வைக்கக் கூடாது, தீ அணையும். சூடு ஏறினால் மட்டும் ஓடும்படி ஒரு தெர்மோஸ்டாட் சுவிட்சும் சேர்த்தோம். பேட்டரியிலிருந்து இழுப்பது மிகக் குறைவு. வண்டியின் உள்பக்கமிருந்து ஃப்ரிட்ஜ் முதுகுக்குப் போகும் ஓட்டை உடைசல்கள் எல்லாவற்றையும் அடைத்தோம். புகை படுக்கைப் பக்கம் வராமலிருக்க அது அவசியம்.

இந்தப் பெட்டி குளிர்ந்து வர 12 மணி நேரமாவது கேட்கும், அவசரப்பட்டுத் திறந்து பார்க்கக் கூடாது. தேங்காப்பட்டணத்தில், கடலோரப் புழுக்கத்தில், மறுநாள் விடிந்ததும் அப்பாவே டம்ளரை எடுத்துப் பார்த்தார். 5 டிகிரி. மதிய வெயிலில் 7ஐத் தாண்டவில்லை. வடசேரிக்குத் திரும்பிப் போய் குப்பிகளை வாங்கிக்கொண்டோம். கடைக்காரர் தெர்மாமீட்டர் படத்தை ஃபோனில் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இதே வகைப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பின்பக்கம் மஞ்சள் கறையோ, மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடியோ இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். குழாய் கசிகிறது என்று அர்த்தம். அந்த மஞ்சள் பொடி விஷம், கையால் தொடாதீர்கள். தீயை அணைத்து, கரண்டையும் நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அதற்கு யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான். கறையும் நெடியும் இல்லையென்றால் புது ஃப்ரிட்ஜுக்குக் காசு தேடுவதற்கு முன்னால் கிரில்லைக் கழற்றி முதுகைப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் நுழையும் முன் பர்னரை அணைத்துவிடுங்கள்.

எங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. ஓடும்போது 12 வோல்ட்டில் ஃப்ரிட்ஜ் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து வரும் வயர் மெல்லியது, வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடுகிறது. திருச்செந்தூர்ப் பக்கம் கிளம்பும் முன் தடிமனான வயர் இழுக்க வேண்டும்.