ரீவேல்யூவேஷனுக்கு முன்னால் விடைத்தாள் நகலை வாங்கிப் பாருங்கள்

நான் மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம். படிக்கிறேன். பட்டம்தான் பல்கலைக்கழகம் தரும். வினாத்தாள், திருத்துவது, ரிசல்ட் எல்லாம் கல்லூரியே. இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. காஸ்ட் அக்கவுண்டிங்கில் எக்ஸ்டர்னலில் மினிமம் மார்க் வராமல் அரியர் விழுந்தது. நன்றாக எழுதிய பேப்பர், மனசு ஒப்பவே இல்லை.

எல்லாரும் நேரே ரீவேல்யூவேஷனுக்கு, அதாவது பேப்பரை மறுபடி திருத்துவதற்கு, பணம் கட்டச் சொன்னார்கள். எங்கள் டிபார்ட்மென்ட் மேடம் மட்டும், "முதல்ல ஜெராக்ஸ் கேளுப்பா, எதுல போச்சுன்னு பாத்துட்டு எழுது" என்றார். சலான் கட்டி, எக்ஸாம் செக்‌ஷனுக்கு அலைந்து விடைத்தாள் நகலை வாங்கி, உசிலம்பட்டி பஸ்ஸுக்காக அரப்பாளையத்தில் நிற்கும்போதே பிரித்துப் பார்த்துவிட்டேன்.

மார்க் போனது ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் கணக்கில். காஸ்ட் புத்தகம் காட்டும் லாபமும் ஃபைனான்ஷியல் புத்தகம் காட்டும் லாபமும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் கணக்கு அது. காஸ்ட் புத்தக லாபத்திலிருந்து தொடங்கினால் காஸ்ட் புத்தகத்தில் அதிகமாக ஏற்றிய ஓவர்ஹெட்டை (மறைமுகச் செலவை) கூட்ட வேண்டும், ஃபைனான்ஷியல் லாபத்திலிருந்து தொடங்கினால் அதையே கழிக்க வேண்டும், இரண்டுமே சரி, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நான் இரண்டாவது வழியில் போட்டிருந்தேன். கூட்டல் வரவேண்டிய இடத்தில் கழித்தல் இருக்கிறது என்று வரிக்கு வரி சிவப்பு மையில் சுழித்து, பத்துக்கு இரண்டு போட்டிருந்தார்கள். கடைசித் தொகை சரியாக வந்திருந்ததைப் பார்க்கவே இல்லை. திருத்துபவருக்குத் தரும் விடைக்குறிப்பில் (கீ) முதல் வழி மட்டும் இருந்திருக்கும் என்று மேடம் சொன்னார். அது போக, கூடுதல் தாளில் எழுதிய ஒரு பதிலுக்கு மார்க்கே இல்லை.

பக்க எண், கேள்வி எண், பாடப்புத்தகப் பக்கம் எல்லாம் குறித்து மேடத்திடம் கையெழுத்து வாங்கி, கடைசித் தேதிக்குள் ரீவேல்யூவேஷன் படிவத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். வேறொருவர் திருத்தினார், பாஸ்.

நகல் தர மறுத்தால் விடாதீர்கள். திருத்திய விடைத்தாளை மாணவர் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால், 30 நாளில் பதில் தர வேண்டும்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. கீ தவறென்றால் அந்தக் கேள்வியை எல்லாருடைய பேப்பரிலும் மறுபடி பார்ப்பதுதானே நியாயம்? எழுதியே கேட்டேன். பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். என்னைப் போலவே இரண்டாவது வழியில் போட்ட ஒரு தோழி, வீட்டில் பணம் கேட்க முடியாமல் விட்டுவிட்டாள், நவம்பரில் அதே பேப்பரை மறுபடி எழுதப் போகிறாள்.