சுவருக்கும் திருமுழுக்கு

எந்தக் கத்தோலிக்க ஆலயத்துக்குள் போனாலும் என் கண் முதலில் போவது பக்கச் சுவர்களுக்குத்தான். பீடம், நற்கருணைப் பேழை, மாதா சுரூபம் எல்லாம் பிறகு. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வட்டத்துக்குள் ஒரு சின்னச் சிலுவை இருக்கும். பக்கத்திலேயே மெழுகுதிரி செருக ஒரு தாங்கி. இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளுக்கு நடுவே இதை யாரும் கவனிப்பதில்லை. மொத்தம் 12 இருக்கும். சில ஆலயங்களில் 4.

ஆலயத்தைக் கடவுளுக்கென்று ஒப்புக்கொடுக்கும் நேர்ந்தளிப்பு நாளில் ஆயர் மக்கள்மேலும் சுவர்கள்மேலும் தண்ணீர் தெளிக்கிறார். புனிதர் மன்றாட்டு முடிந்து, நேர்ந்தளிப்புச் செபமும் சொன்ன பிறகு, கிறிஸ்மா என்னும் புனித எண்ணெயைப் பீடத்தின்மேல் ஊற்றிப் பூசுகிறார். அதே எண்ணெய் சுவரில் இந்தச் சிலுவைகள் இருக்கும் இடங்களிலும் பூசப்படுகிறது. அப்புறம் தூபம். பீடத்துக்கு வெள்ளைத் துணி விரித்து, திரிகளை ஏற்றுகிறார்கள். தண்ணீர், எண்ணெய், வெள்ளைத் துணி, விளக்கு. திருமுழுக்கில், அதாவது ஞானஸ்நானத்தில், குழந்தைக்குக் கொடுப்பது அத்தனையும் கல்லுக்கும் காரைக்கும் கிடைக்கிறது! இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆலயச் சுவரில் முதுகைச் சாய்க்கக்கூட எனக்கு மனம் வருவதில்லை.

ஏன் 12? விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாடு 21-ஆம் அதிகாரத்தில் வரும் புதிய எருசலேமின் மதிலுக்கு 12 அடித்தளங்கள். அவற்றில் 12 திருத்தூதர்களின் பெயர்கள்.

பாரிஸில் 1248-இல் நேர்ந்தளிக்கப்பட்ட சாந்த் ஷப்பெல் சிற்றாலயத்தில் இது இன்னும் துலக்கம். மேல்தளத்தில் ஏறக்குறைய 15 மீட்டர் உயரமுள்ள வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். சுவர் என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை. கூரையின் பாரத்தை வெளியே நிற்கும் உதைசுவர்களும், கல்லோடு கல்லைப் பிணைக்கும் இரும்புப் பட்டைகளும் வாங்கிக்கொள்கின்றன. அப்படியானால் சிலுவைகள் எங்கே? தூண்களில் நிற்கும் 12 திருத்தூதர் சுரூபங்களின் கைகளில். கண்ணாடியைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் கண்ணைத் தாழ்த்தினால் போதும். கட்டடக் கலையும் மறைக்கல்வியும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்த இடம் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆலய நேர்ந்தளிப்பு ஆண்டு நாளில் இந்தத் திரிகளை மறுபடி ஏற்றுவது வழக்கம். ஆனால் வண்ணம் பூசும்போது சிலுவைகளின் மேலேயே தூரிகையை ஓட்டிவிடுகிறார்கள். ஒலிபெருக்கிப் பெட்டியை மாட்டி மறைத்துவிடுகிறார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை. ஆலய நிர்வாகத்துக்குத் துணைநிற்கும் பங்குப் பேரவையில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: வேலையாட்கள் வரும் முன்னால் அவை இருக்கும் இடங்களைக் காட்டிக்கொடுங்கள். தாங்கி உடைந்திருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துவிடலாம்.