நெடுங்கால் நாய்க்கு வீடு பார்க்கும்போது

முயல் வேட்டைக்கென்று வளர்த்து, கால் ஒடிந்ததும் அவிழ்த்துவிடப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி, கிரேஹவுண்ட் கலப்பு நாய்களை மீட்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது நல்ல கழுத்துப்பட்டை. இந்த நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை ஒல்லி. பயந்து பின்னால் இழுத்தால் சாதாரண பெல்ட் காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்குள் நாய் அடுத்த தெருவில் இருக்கும்.

இவற்றுக்கு ஏற்றது, இழுத்தால் தானாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை. அது உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால் பை தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். ஒன்றரை அங்குல அகல நைலான் நாடா, கூடவே மூன்று இரும்பு வளையம். பெரிய சுற்றின் இரு முனையிலும் ஒவ்வொரு வளையம் இருக்கும். அவற்றுக்குள் ஒரு சின்னச் சுற்று ஓடும். மூன்றாவது வளையம் சின்னச் சுற்றில், கயிறு மாட்ட. அளவு எடுக்க வேண்டிய இடம் காதுக்குக் கீழே, கழுத்து மிக ஒல்லியாக இருக்கும் இடம். இழுத்துப் பிடித்தால் இரு முனை வளையங்களுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி நிற்க வேண்டும். வளையங்கள் ஒன்றோடொன்று முட்டினால் பட்டை பெரிது, தலை உருவிவிடும். கயிறு ஆறடி போதும். நீண்டு சுருங்கும் கயிறு வேண்டவே வேண்டாம்: கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது, கயிறு முடியும் இடத்தில் விழும் வெட்டு கழுத்தில்தான் இறங்கும்.

நாயைத் தத்தெடுக்கக் கேட்பவரின் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் வாசல் கேட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாடிக்கும் ஏறிப் பாருங்கள். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் உள்ள மொட்டைமாடி இந்த நாய்களுக்கு ஆபத்து. அணிலோ காக்கையோ தெரிந்துவிட்டால் சுவருக்கு அந்தப்பக்கம் தரை இல்லை என்பது அதற்கு உறைக்காது. தோட்டச் சுவர் ஆறடியாவது வேண்டும்.

கோழி வளர்க்கும் வீடா, பூனை இருக்கும் வீடா என்பதற்கும் சோதனை உண்டு. வாய்மூடி போட்டு, கயிற்றில் பிடித்து, பத்தடி தள்ளிக் கூண்டில் ஒரு கோழியைக் காட்டுங்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் பழக்கலாம். உடம்பு விறைத்து, பல் கடகடவென்று அடித்து, மூக்குக்கு நேரே கறித்துண்டை நீட்டியும் கண்ணை எடுக்காவிட்டால் அந்த வீடு வேண்டாம். வந்த அன்றைக்கே சோதித்தால் களைத்துப்போன நாய் நல்லபிள்ளையாக உட்கார்ந்திருக்கும், அதை நம்பக் கூடாது. தின்று தூங்கித் தேறிய பிறகு மறுபடி பாருங்கள். வீட்டுக்குள் பூனையோடு படுக்கும் நாய்கூட வெளியில் ஓடும் பூனையைத் துரத்தும்.

இரத்தப் பரிசோதனையில்தான் குழப்பம் அதிகம். கிரேஹவுண்டுக்குத் தட்டணுக்கள் இயல்பாகவே குறைவு, சிவப்பணு விகிதம் அதிகம், தைராய்டு அளவும் குறைவு. உண்ணி நம் கடலோரத்தில் ஆண்டு முழுக்க இருப்பதால், தட்டணு குறைந்த சீட்டைப் பார்த்ததும் உண்ணிக் காய்ச்சல் என்று மருந்து தொடங்கிவிடுவது வழக்கம். காய்ச்சல், மூக்கில் இரத்தம், வெளுத்த ஈறு, சோர்வு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் இரத்தப் பூச்சு (கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) அல்லது பி.சி.ஆர். செய்யச் சொல்லிக் கேளுங்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமிக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியாவின் பெரிய வகையை அடக்காது. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

தோல் மிக மெல்லிசு. வேறு நாய்க்குக் கீறலாக முடியும் தெருநாய்க் கடி, இவற்றுக்குத் தையலில் முடியும். மஞ்சள்தூள், காபித்தூள் வைக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெறிநாய்த் தடுப்பூசி முன்பே போட்டிருந்தாலும் கடித்த விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சிமெண்டுத் தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும், தடித்த மெத்தை போடுங்கள்.

"இப்படி எலும்பும் தோலுமா இருக்கே, பட்டினி போடுறீங்களா?" என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது இந்த இனங்களுக்குச் சரியான எடை. முதுகெலும்பு முள் முள்ளாகத் தெரிந்து, தொடைச் சதை வற்றியிருந்தால்தான் மெலிவு. அப்படிப்பட்ட நாய்க்கு முதல் வாரம் சோறும் வேகவைத்த கோழியும் நாளுக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே வேளையில் வயிறு நிறையப் போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

"எங்க தோப்புல நல்லா ஓடும் சார்" என்று கேட்டு வருகிறவரிடம் கூடுதலாக நான்கு கேள்வி கேளுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள், பாதிப் பேர் அதன்பிறகு போன் செய்ய மாட்டார்கள். காவலுக்கு நாய் வேண்டும் என்பவருக்கும் கிரேஹவுண்ட் உதவாது, பெரும்பாலும் அது பகலெல்லாம் தூங்கும்.

கருத்தடை செய்யாமல் கையில் கொடுக்காதீர்கள், குட்டி போட்டு விற்கத்தான் பலர் கேட்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே எந்த மயக்க மருந்து என்று விசாரியுங்கள். தையோபென்டோன் கிரேஹவுண்ட் உடலில் மெதுவாகத்தான் உடைகிறது, கொழுப்பும் குறைவு என்பதால் மயக்கம் தெளிய நெடுநேரம் ஆகும். புரோபோஃபால், ஐசோஃபுளூரேன் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் எந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். புது இடத்தில் வெடிச் சத்தம் கேட்டு ஓடும் நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது.