அரை டேங்க் என்ற பொய்

ஞாயிறு மட்டும் வெளியே எடுக்கும் என் பழைய காரில் பெட்ரோல் முள் எப்போதும் அரை டேங்க் காட்டும். நம்பிப் போனேன். திண்டிவனம் தாண்டி மேல்மருவத்தூர் வருவதற்குள் நின்றுவிட்டது. அப்புறம் என்ன, கேனும் கையுமாக பைக்கில் லிஃப்ட்!

டேங்குக்குள் இருந்து பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் டேங்க் யூனிட்டைக் கழற்றிப் பார்த்தேன். மிதவை ஏறி இறங்கும்போது கம்பிச்சுருளின் மின்தடை மாற வேண்டும், அதை வைத்துத்தான் முள் நகரும். இங்கே மிதவையின் கை பாதி வழியில் சிக்கி நிற்கிறது. முள்ளைச் சொல்லிக் குற்றமில்லை.

பொருத்தமான யூனிட் கிடைக்கும்வரை ஒரு மூங்கில் குச்சிதான் அளவுகோல். காலி டேங்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, நனைந்த இடத்தில் கோடு கிழித்திருக்கிறேன். கூடவே ஓடிய கிலோமீட்டரும் டைரியில். பங்க் பையன் குச்சியைப் பார்த்து, “ஆயில் செக் பண்றீங்களா சார்?” என்கிறான்.