மைனஸ் முப்பத்தெட்டு காட்டினால் போதுமா?

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரியின் ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) லேபில் சீசன் தொடங்கிவிடும். எங்கள் பிள்ளைகள் மட்டுமல்ல, நெட்வொர்க் அனலைசர் (அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும் கருவி) இல்லாத பக்கத்துக் கல்லூரிகளில் இருந்தும் இ.சி.இ. இறுதியாண்டுக்காரர்கள் துறைத்தலைவர் கடிதத்தோடு வந்து நிற்பார்கள். பையில் ஃபெரிக் குளோரைடு கறையோடு ஒரு மஞ்சள் போர்டு இருக்கும். தலைப்பைக் கேட்கவே வேண்டாம். பாதிப் பேருக்கு அது மெட்டாமெட்டீரியல் வைத்து மைக்ரோஸ்ட்ரிப் பேட்ச் ஆன்டெனாவை மேம்படுத்துவதாகத்தான் இருக்கும். பேட்ச் என்றால் போர்டின் மேல்பக்கம் ஒரு செவ்வகச் செம்புத் துண்டு, அடிப்பக்கம் கிரவுண்ட் பிளேன் என்ற செம்புப் பரப்பு. மெட்டாமெட்டீரியல் என்றால் சின்னச் சின்ன உலோக வடிவங்களை அடுக்கி, இயற்கையில் கிடைக்காத மின்காந்தக் குணத்தை வரவழைப்பது.

நான் அங்கே லேப் இன்ஸ்ட்ரக்டர். பாடம் எடுப்பதில்லை, அளந்து கொடுப்பதுதான் வேலை. அந்த மேஜையில் நின்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"சார், எஸ்-ஒன்-ஒன் மைனஸ் முப்பத்தெட்டு டெசிபெல் காட்டுது!"

"கெயின் எவ்வளவு தம்பி?"

"அது சிமுலேஷன்ல இருக்கு சார்."

போர்டைக் கழற்றிவிட்டு, கேலிபரேஷன் கிட்டில் இருக்கும் 50 ஓம் லோடை (வரும் சக்தியைச் சூடாக்கியே தீர்த்துவிடும் சின்ன மின்தடை) அதே கேபிளில் திருகுவேன். கோடு மைனஸ் நாற்பதுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், அதுவும் பேண்ட் முழுக்க. "இது உன்னோடதைவிட நல்ல ஆன்டெனா, எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு அப்புறம் சிரிப்பார்கள். அனுப்பிய சக்தி திரும்பி வரவில்லை என்பதை மட்டும்தான் எஸ்-ஒன்-ஒன் சொல்லும்; மைனஸ் கூடக் கூடத் திரும்புவது குறைவு. அந்தச் சக்தி காற்றில் போனதா, போர்டிலேயே சூடாகித் தீர்ந்ததா என்று சொல்லாது. அதற்குத்தான் கெயினைக் கேட்பது, ஒரு திசையில் எவ்வளவு வலுவாக அனுப்புகிறது என்ற அளவு அது.

சாதா பேட்சையே எடுத்துக்கொள்வோம். 1.6 மி.மீ. எஃப்ஆர்4 போர்டு, 2.45 கிகாஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் அகலம் 37 மி.மீ., நீளம் சுமார் 29 மி.மீ. வரும். போர்டில் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் இதன் பேண்ட்வித் (நன்றாக வேலை செய்யும் அதிர்வெண்களின் அகலம்) ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அளந்தால் இரண்டரை சதவீதம் வருகிறது. கூடுதல் எங்கிருந்து வந்தது? எஃப்ஆர்4-இன் இழப்புக் காரணி 0.02. பேட்சுக்குள் போகும் சக்தியில் பாதிக்கு மேல் அந்தக் கண்ணாடி இழை எபாக்ஸியே தின்றுவிடுகிறது. கதிர்வீச்சாகப் போவது 45 சதவீதத்துக்குப் பக்கம். பேண்ட்வித் விரிந்ததற்குக் காரணம் நம் டிசைன் இல்லை, போர்டின் பசி.

இதன் மேல்தான் மெட்டாமெட்டீரியல் என்று ரிங் வைக்கிறார்கள், ஓரிடத்தில் பிளந்த செம்பு வளையங்கள்.

கதை பழையது. 1898-இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சணல் இழைகளை முறுக்கி வைத்து, அதன் வழியே போகும் மைக்ரோ அலையின் துருவத்தளம் (மின்புலம் அதிரும் தளம்) திரும்புவதைக் காட்டினார். ரஷ்ய இயற்பியலாளர் வெசலாகோ 1967-இல் எழுத்தளவில் பேசிய எதிர்மறை ஊடகத்துக்கு (அலை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளையும் பொருள்), 1999-இல் பிரிட்டனின் பென்ட்ரி பிளவு வளையம் என்ற வழியைச் சொன்னார். 2000-இல் சான் டியாகோவில் ஸ்மித் குழு அதைக் கம்பிகளோடு சேர்த்துச் செய்து காட்டியது. எல்லா ரிப்போர்ட்டின் இரண்டாம் அத்தியாயத்திலும் இது இருக்கும், வெசலாகோவை மட்டும் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். அந்தப் பிளவு வளையம் எப்போது வேலை செய்யும் என்ற வரிதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

வளையத்தின் நடுவே, அதன் தளத்துக்குச் செங்குத்தாக, காந்தப்புலம் ஊடுருவ வேண்டும். அப்போதுதான் வளையத்தில் மின்னோட்டம் சுற்றும், அப்போதுதான் எதிர்மறை காந்த ஊடுருவுதிறன் (மியூ) என்ற பேச்சுக்கே இடம். பேட்சுக்கு மேலே தட்டையாக ஒரு ஷீட்டில் வளையங்களை அச்சடித்து வைத்தால், மேல்நோக்கிப் போகும் அலையின் காந்தப்புலம் ஷீட்டின் தளத்திலேயே கிடக்கும். வளையத்துக்குள் நுழையவே நுழையாது. மின்புலம் பிளவின் வழியாக ஏதோ கொஞ்சம் கிளப்பிவிடும், ஷீட் ஒரு ஃபில்டர் போல வேலை செய்யும், சரி. ஆனால் ரிப்போர்ட்டில் ஒட்டியிருக்கும் எதிர்மறை மியூ கிராஃப், வளையத்தை நிமிர்த்தி வைத்து எடுத்த சிமுலேஷனில் வந்தது. போர்டில் வளையம் படுத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் கைடு முகம் மாறுகிறது.

இதற்கு நேர்மாறாக, வளையத்தைச் செம்பில் வரையாமல், கிரவுண்ட் பிளேனில் வளைய வடிவத்தில் செம்பைச் சுரண்டி எடுப்பது உண்டு. நிரப்பு வளையம், சிஎஸ்ஆர்ஆர் என்பார்கள். 2004-இல் ஃபால்கோன் குழுவினர் மைக்ரோஸ்ட்ரிப் லைனுக்கு அடியில் வைத்துக் காட்டியது. அதற்குச் செங்குத்தான மின்புலம் வேண்டும், பேட்சுக்கு அடியில் இருப்பதும் அதேதான். அதனால் இது நிஜமாகவே வேலை செய்கிறது. அதே அளவு பேட்ச் இன்னும் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும், அதாவது ஆன்டெனா சிறிதாகும். விலையும் உண்டு: கிரவுண்டில் ஓட்டை போட்டாயிற்று, பின்பக்கமும் கசியும். அப்புறம் சூ என்பவர் 1948-இல் போட்ட வரம்பு இருக்கிறது. ஆன்டெனா சிறுத்தால் பேண்ட்வித் குறைய வேண்டும், இல்லையென்றால் திறன் (உள்ளே போன சக்தியில் கதிர்வீச்சாகப் போகும் பங்கு) குறைய வேண்டும். சிறுத்தும் இருக்கிறது, பேண்ட்வித்தும் கூடியிருக்கிறது என்று ஒருவர் போர்டைக் கொண்டு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இழப்பைத்தான்.

சந்தேகத்தைத் தீர்க்கச் செலவு அதிகமில்லை. எங்களிடம் அனெக்கோயிக் சேம்பர் (அலை எதிரொலிக்காத அளவை அறை) கிடையாது, ஒரு பெட்டி இருக்கிறது. செம்புத் தகடு போர்டை வெட்டி, உட்பக்கம் 70 மி.மீ. சதுரம், 40 மி.மீ. உயரம் என்று சால்டர் வைத்து ஒட்டியது. மூடியின் விளிம்பு முழுக்கச் செம்பு டேப். பக்கச் சுவரில் எஸ்எம்ஏ கனெக்டர் நுழைய ஒரு துளை, கனெக்டரின் உடலும் சுவரும் தொடும்படி. வீலர் 1959-இல் சொன்ன முறை இது. ஆன்டெனாவை வெளியே வைத்து ஒருமுறை, பெட்டிக்குள் அடைத்து ஒருமுறை அளக்க வேண்டும். அடைத்துவிட்டால் கதிர்வீச்சு வெளியே போக வழியில்லை. ஆகவே நல்ல ஆன்டெனா என்றால் சக்தி திரும்பி வந்தாக வேண்டும், எஸ்-ஒன்-ஒன் கோடு பூஜ்யத்தை நோக்கி ஏற வேண்டும். உள்ளே அடைத்த பிறகும் குழி அப்படியே ஆழமாக இருந்தால், சக்தியை ஆன்டெனாவே சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

கணக்கும் லேசு. ஒத்ததிர்வில் மின்தடை வெளியே 50 ஓம், பெட்டிக்குள் 90 ஓம் என்றால் திறன் ஒன்று கழித்தல் 50/90, அதாவது 44 சதவீதம். சாதா எஃப்ஆர்4 பேட்ச் இந்த மாதிரிதான் வரும், பெட்டிக்குள்ளேயே மைனஸ் 11 டெசிபெல் காட்டும். பெட்டிக்குள் 62 ஓம்தான் என்றால் திறன் 19 சதவீதம். அந்த ஆன்டெனா வெளியே மைனஸ் 38 காட்டினாலும் எனக்கு அது ஐந்தில் நாலு பங்கு லோடு, ஒரு பங்குதான் ஆன்டெனா. பெட்டி அளவில் மட்டும் கவனம் வேண்டும். 70 மி.மீ. சதுரக் காலிப் பெட்டி 3 கிகாஹெர்ட்ஸில் தானே ஒத்ததிரும், பெரிதாகச் செய்தால் அது கீழே இறங்கி நம் அளவைக் கெடுக்கும்.

மெட்டாமெட்டீரியலே வீண் என்று நான் சொல்லவில்லை. இடம் பார்த்து வைக்க வேண்டும். பேட்சுக்கு மேலே அரை அலைநீள உயரத்தில், அலையை ஓரளவு மட்டும் பிரதிபலிக்கும் ஷீட்டை வைத்தால் கெயின் நிச்சயம் ஏறும். இது 1956-இல் ட்ரென்டினி காட்டியது, அப்போது யாரும் மெட்டா என்று சொல்லவில்லை. 2.45-இல் அரை அலைநீளம் 61 மி.மீ., போர்டின் தலைமேல் ஒரு மாடி கட்டியது போல இருக்கும். அந்தப் பரப்பில் நாலு பேட்சை அடுக்கினாலே ஏறக்குறைய 6 டெசிபெல் கிடைக்கும், ஒப்பிட வேண்டியது அதோடுதான். அதே ஷீட் 28 கிகாஹெர்ட்ஸில் 5.4 மி.மீ. உயரத்தில் உட்காரும், அங்கே பல பேட்சுகளுக்குப் பங்கிடும் ஃபீடு லைனின் இழப்பும் மிச்சம். 5ஜி பக்கம் போகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

உடம்பில் அணியும் ஆன்டெனாவுக்குப் பின்னால் செயற்கைக் காந்தப் பரப்பு (அலையைத் தலைகீழாக்காமல் திருப்பி அனுப்பும் பரப்பு) வைப்பதும் நியாயமான வேலை. பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்க நடுவே காளான் வடிவ அணைகள் வைப்பதும் அப்படியே. 2003-இல் யாங், ரஹ்மத்-சாமி இருவரும் அப்படி 8 டெசிபெல் குறைத்துக் காட்டினார்கள். ஆனால் அது மேற்பரப்பு அலை (போர்டின் பரப்பை ஒட்டியே ஓடும் அலை) வலுவாக ஓடும் போர்டில். நம் 1.6 மி.மீ. எஃப்ஆர்4-இல், 2.45-இல், அந்த அலையே சொற்பம். அதைத் தடுக்கக் கையால் நூறு துளை போட்டு ஒவ்வொன்றிலும் கம்பி சால்டர் பண்ணிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

கெயின்தான் வேண்டும் என்றால் போர்டை மாற்றிப் பாருங்கள். ரோஜர்ஸ் 5880 என்ற டெஃப்லான் வகை போர்டின் இழப்புக் காரணி 0.0009. விலை எகிறும், ஆனால் ரிங் எதுவும் இல்லாமலே 3 டெசிபெல் வரை கூடுதலாக வரும். காசில்லையா, நைலான் ஸ்பேசர் வைத்துப் பேட்சை கிரவுண்டில் இருந்து 5 மி.மீ. தூக்கிக் காற்றில் நிறுத்துங்கள். அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், திறனும் பேண்ட்வித்தும் சேர்ந்தே ஏறும். வைவாவில் சொல்லிக்கொள்ளப் பெரிய பெயர் இருக்காது, அதுதான் குறை.

இந்த வருடம் வருகிறவர்களுக்கு இரண்டு கோரிக்கை. ரிங் வைத்த போர்டோடு ரிங் இல்லாத போர்டையும் ஒரே ஷீட்டில் வெட்டி, ஒரே நாளில் எட்சிங் செய்து கொண்டு வாருங்கள். எஃப்ஆர்4-இன் மின்மாறிலி 4.4-க்குப் பதில் 4.2 ஆக இருந்தாலே ஒத்ததிர்வு 55 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நகரும். அது பேட்சின் மொத்த பேண்ட்வித்துக்குக் கிட்டே. வேறு வேறு ஷீட் என்றால் நகர்ந்தது ரிங்காலா போர்டாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, கிரவுண்ட் பிளேன் 65 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பெட்டிக்குள் நுழையாது.