கறுப்பியின் மூச்சுக் கணக்கு

ஜூன் 4

காலையில் கறுப்பி மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தாள். அதில் இரண்டு இழை புல். எடுத்து முடித்த கையோடு வாலை ஆட்டிக்கொண்டு தட்டருகே போய் நின்றாள். வெறும் வயிற்றில் பித்தம் வருவது நாய்களுக்குச் சகஜம்தான். ஒரே ஒரு வாந்தி, அப்புறம் பழையபடி சாப்பாடும் ஓட்டமும் என்றால் நான் பொறுத்துப் பார்ப்பேன். திரும்பத் திரும்ப எடுத்தாலோ, குடித்த தண்ணீரே வயிற்றில் தங்காவிட்டாலோ, இரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம்.

குட்டிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டி வாந்தியும் இரத்தபேதியுமாகக் கிடந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். உடம்பில் நீர் வற்றுகிற வேகத்துக்கு வீட்டு வைத்தியம் ஈடுகொடுக்காது. இன்னொன்றும் உண்டு. நெஞ்சு ஆழமான பெரிய நாய் எதுவும் வெளியே வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருக்கிறது, வயிறு உப்பி இறுகியிருக்கிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நடு ராத்திரியானாலும் கிளம்பிவிட வேண்டியதுதான்.

ஜூன் 7

ஞாயிறு. கறுப்பிக்கு மாதப் பரிசோதனை. மேலுதட்டைத் தூக்கி, கறுப்பு படியாத இடத்தில் ஈறை விரலால் அழுத்தி விட்டேன். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாகிவிட்டது. ஈரமாக வழுக்கியது, பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கலாம். வெளிறிய ஈறு இரத்தசோகையையோ உள்ளே எங்கோ இரத்தக்கசிவையோ காட்டும். உண்ணிக் காய்ச்சல் முற்றினாலும் இப்படி வெளிறும். மஞ்சள் என்றால் கல்லீரலைப் பார்க்க வேண்டும், அல்லது இரத்த அணுக்கள் சிதைகின்றன. நீலம் பாய்ந்திருந்தால் பிராணவாயு போதவில்லை. யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

உடல் சூடு 101.4 பாரன்ஹீட். நமக்கு அது காய்ச்சல், அவளுக்கு இயல்பு. நாய்க்கும் பூனைக்கும் 101 முதல் 102.5 வரை சாதாரணம். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று பலரும் சொல்கிறார்கள். தூங்கி எழுந்த நாயின் மூக்கு காய்ந்துதான் இருக்கும். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் கணக்கு. 104 தாண்டினால் உடனே போன்.

தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 20. எல்லாவற்றையும் காலண்டர் ஓரத்தில் குறித்துவைத்தேன்.

ஜூன் 15

தங்கையிடமிருந்து போன், அவள் பூனை சீனுவைப் பற்றி.

“அக்கா, சீனுவுக்கு மலச்சிக்கல் போல. காலைலேர்ந்து மணல் தட்டுலயே உட்கார்ந்து முக்கறான். கத்தறான்.”

“மணல்ல ஈரக்கட்டி இருக்கா, கிளறிப் பாரு.”

கிளறுகிற சத்தம் கேட்டது. “ஒண்ணுமே இல்லைக்கா. ஓரத்துல ஒரு சொட்டு, சிவப்பா.”

“அது மலச்சிக்கல் இல்லடி, மூத்திரம் அடைச்சிருக்கு. வயித்தை அமுக்கிப் பார்க்காதே. கூடையில போட்டு இப்பவே கிளம்பு.”

ஆண் பூனையின் மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் நீர் சிறுநீரகத்துக்கே எதிர்த்துத் தள்ளும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் தடுமாறும். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்ற பேச்சே இதில் கூடாது.

ஜூன் 16

சீனுவுக்கு மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு அடைப்பை நீக்கிவிட்டார்கள். இன்னும் சில நாள் அங்கேதான் இருப்பான். வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று தங்கையின் கணவர் கேட்டாராம். நல்லவேளை, கேட்டார். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ஒரே ஒரு மாத்திரைகூட அதைக் கொன்றுவிடலாம்.

பூனை நோயைக் காட்டிக்கொள்ளாது. வலியிலும் குர்ர் என்று சத்தம் போடும். தாவி ஏறிய அலமாரியைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பது, நக்கிச் சுத்தம் செய்யாமல் முதுகு முடி திரிதிரியாக ஒட்டுவது, கட்டிலடியே கதியாகக் கிடப்பது, இவ்வளவுதான் அது தரும் துப்பு. ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டாலே நான் டாக்டருக்குப் போன் போடுவேன். பட்டினி நீண்டால், குண்டுப் பூனைகளுக்கு முக்கியமாக, கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை மட்டும் காத்திருக்கவே கூடாது. நாய்தான் வெயிலுக்கு அப்படி இளைக்கும்.

ஜூன் 29

கறுப்பி ராத்திரியில் இருமுகிறாள். தொண்டையில் ஏதோ சிக்கியதைக் காறுவதுபோல முடிகிறது. வயசாகிவிட்டது, இருக்கட்டும் என்று விட மனம் வரவில்லை. தூங்கும்போது மூச்சை எண்ணினேன். விலா ஒருமுறை ஏறி இறங்குவது ஒன்று. 34. கனவில் காலை உதறிக்கொண்டிருந்தாள், அதனால் அசந்து தூங்கும்வரை பொறுத்து மறுபடி எண்ணினேன். 33. ஓய்வில் 30-க்கு மேல் நிலையாக இருந்தால் நுரையீரலில் நீர் சேர்கிறதோ என்று பார்க்க வேண்டும்.

இருமலை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டேன். டாக்டரின் மேசையில் ஏற்றியதும் எல்லா நாய்களும் பரம ஆரோக்கியமாகிவிடுகின்றன.

ஜூன் 30

நினைத்தபடியே மேசைமேல் ஒரு இருமல்கூட இல்லை. வீடியோவும் காலண்டர் குறிப்பும்தான் பேசின. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்ததுமே இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்றார். எக்ஸ்ரேயில் இதயம் வீங்கியிருந்தது. நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கிறது. சின்ன ரக நாய்களுக்கு வயதாகும்போது இதய வால்வு தடித்து ஒழுகுவது அதிகம் காணும் நோயாம். குணமாகாது, ஆனால் மாத்திரையோடு நன்றாக வாழலாம் என்றார். இதயத்துக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஜன்னலில் மூக்கை நீட்டிக்கொண்டுதான் வந்தாள். எனக்குத்தான் பேச்சே வரவில்லை.

ஜூலை 5

நீர் பிரியும் மாத்திரையால் மூத்திரமும் தாகமும் கூடிவிட்டன. கூடம் நனைகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவைக்கக் கூடாது, சிறுநீரகம் கெட்டுவிடும். மாத்திரை இல்லாமலே ஒரு நாய் திடீரென்று கிண்ணம் கிண்ணமாகக் குடித்தால் அது வேறு கதை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கருத்தடை செய்யாத பெண் நாயென்றால் கருப்பையில் சீழ் என்று சந்தேகப் பட்டியல் நீளும். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாளில் தண்ணீர் குடித்தால் அளந்து எழுதிக்கொண்டு டாக்டரைப் பார்க்கலாம். சீழ்ச் சந்தேகத்துக்கு மட்டும் அன்றைக்கே போய்விட வேண்டும்.

ஜூலை 9

மூச்சு 24. இருமல் ராத்திரிக்கு ஓரிரு முறையாகக் குறைந்துவிட்டது. மறுபடி 30-ஐத் தாண்டினால், அல்லது மயங்கி விழுந்தால், அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் கூப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அடுத்த வாரம் சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை.

சீனுவும் வீடு திரும்பிவிட்டான். புதுச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு மணலைத் தள்ளுவதுபோலத் தரையைப் பிறாண்டுகிறானாம். மணல் தட்டில் ஈரக்கட்டிகளைத் தினமும் எண்ணி எனக்கு மெசேஜ் அனுப்புகிறாள் தங்கை. இன்றைக்கு மூன்று.